அஞ்சத்தக்க தேவனும் திண்டிவனத்து ஓர் இரவும்

திருச்சிற்றம்பலம்

மக்கள் ஒழுக்கத்திற்கு வேராவது அவர்தம் கடவுட் கொள்கையே. ஒருவன் தான் வழிபடும் பொருளை எத்தன்மையதாகக் கருதுகின்றானோ, அத்தன்மை நாளடைவில் அவன் மனைவாழ்க்கையிலும், மக்களை வளர்க்கும் முறையிலும், அயலாரோடு பழகும் பழக்கத்திலும் வந்து படியும். ஆகலின், ஒரு சமயத்தாரது கடவுட் கொள்கையை ஆராய்வார் அச்சமயநூலை மட்டும் நோக்கியமைதல் சாலாது; அந்நூலைக் கைக்கொண்டார் வாழ்ந்த வாழ்க்கையையும் உடன்வைத்து நோக்கல் வேண்டும். கிறித்தவர்களிற் பலர் கடவுளைச் சினமுடையராய், அஞ்சி நடுங்கத்தக்கவராய் உரைக்கும் கொள்கையும், அக்கொள்கை அவர்தம் அன்றாட வாழ்க்கையில் விளைத்த பயனும் ஈண்டு ஆராயப்படும். இதற்கு நெடுந்தொலை செல்லவேண்டுவதின்று. விழுப்புரத்தையும் திண்டிவனத்தையும் சூழ்ந்த நம் நடுநாட்டு நிகழ்ச்சிகளே போதிய சான்றாகும். பிறர் சமயத்தை இகழ்தல் எம் கருத்தன்று. உண்மை காண்டலும், கண்டவழி நம் குறையையும் ஒளியாது கூறலுமே கருத்து என்க.

பரபக்கம்

திண்டிவனத்திற் கிறித்துமதத்தைப் பரப்பியவர்களுள் முதன்மையாகக் குறிக்கத்தக்கவர் அமெரிக்க ஆற்காட்டு மிஷனார். ஸ்கடர் குடும்பத்துச் சகோதரர் மூவரால் 1853-ஆம் ஆண்டு அமைக்கப்பெற்ற அம்மிஷன், ஒல்லாந்தர் வழிவந்த அமெரிக்கச் சீர்திருத்தச் சபையைச் சார்ந்தது. அச்சபையார் கால்வின் என்பாரது கோட்பாட்டினர். அவர்க்கு அடிப்படையாயுள்ள ஆவணங்களுள் இரண்டு குறிக்கத்தக்கன. ஒன்று 1563-ஆம் ஆண்டில் எழுந்த ஐடெல்பர்க்கு வினாவிடை. மற்றொன்று 1618, 1619-ஆம் ஆண்டுகளிற் கூடிய டார்ட்டுப் பேரவையின் முடிபுகள். உலகத்தைப் படைத்தற்கு முன்னரே கடவுள் தமது விருப்பத்தால் ஒருசாராரை முத்திக்குத் தெரிந்தெடுத்தார், ஏனையோரை அவர்தம் பாவத்திலேயே விட்டொழிந்தார் என்பது அப்பேரவையின் துணிபு. எல்லா மாந்தரும் ஆதிமனிதன் ஒருவன் செய்த பிழையாற் பிறக்கும்போதே குற்றவாளிகள் என்பதும், மனந்திரும்பாது இறந்தோர்க்கு நரகம் முடிவற்றது என்பதும் அவர் கொள்கை.

இக்கொள்கை எத்துணை அச்சத்தை விளைக்கவல்லது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவாம். வேறு சபையினராயினும் இதே கோட்பாட்டினராகிய ஜானதன் எட்வர்ட்ஸ் என்பார், 1741-ஆம் ஆண்டு அமெரிக்காவில் என்பீல்டு என்னும் ஊரிற் சினமுற்ற கடவுளின் கையகப்பட்ட பாவிகளைப்பற்றி ஒரு பிரசங்கம் செய்தனர். தீயின்மேற் பிடிக்கப்பட்ட சிலந்திபோல மனிதன் நரகத்தின்மேற் பிடிக்கப்பட்டிருக்கின்றான் என்பது அதன்கண் வந்ததோர் உவமை. அதுகேட்ட மக்கள் பேச்சின் இடையிலேயே கதறியழுதனர் என்பது வரலாறு.

எனினும், நடுவுநிலைமை பற்றி ஒன்று கூறாது விடலாகாது. ஐடெல்பர்க்கு வினாவிடையில் உள்ள 129 வினாக்களுள் முதல் வினா அச்சத்தைப் பற்றியதன்று. வாழ்விலும் சாவிலும் ஒருவனுக்கு ஆறுதலாவது யாது என்பதைப் பற்றியது. அந்நூல் மனிதனது இழிநிலை, அதனினின்று விடுதலை, விடுதலைக்குச் செய்யும் நன்றி என்று முத்திறமாகப் பகுக்கப்பட்டது. நல்லொழுக்கம் நன்றியறிதலிற் பிறத்தல்வேண்டும் என்பதே அதன் முடிபு. ஆகவே அச்சத்தைத் தலைவாயிலாக வைத்தோரும் அச்சத்திலேயே குடியிருக்கக் கருதிற்றிலர் என்பது பெறப்படும். ஆயின், வாயிலிற் புகுந்தார் யாவரும் உள்ளே சென்று சேர்ந்தனரோ என்பதே நாம் ஆராயவேண்டுவது.

அறுபது கோடியும் மூவரும்

ஸ்கடர் குடும்பத்திற்கு முதல்வராகிய ஜான் ஸ்கடர் நியூயார்க்கு நகரில் மருத்துவராயிருந்தவர். 1819-ஆம் ஆண்டு அவர் ஒரு நோயாளியைப் பார்க்கச் சென்றவிடத்து, முன்னறையில் ஒரு சிறு நூலைக் கண்டெடுத்துப் படித்தனர். கிறித்துவை அறியாத அறுபது கோடி மக்களைப்பற்றி எழுதப்பட்டது அந்நூல். அதனைப் படித்தமையால் உள்ளங் கலங்கிய அவர், தம் தொழிலை விடுத்து அவ்வாண்டிலேயே கப்பலேறி, யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பிலும் பின்னர்ச் சென்னையிலும் மருத்துவமும் மதப்பிரசாரமும் செய்தனர். யாழ்ப்பாணத்தில் அவர் போன்றார் தொடங்கிய பிரசாரம் வளர்ந்து சைவநிந்தையாக முதிர்ந்தபோதே, ஆறுமுக நாவலரவர்கள் 1854-ஆம் ஆண்டு சைவதூஷண பரிகாரத்தை வெளியிடவேண்டியதாயிற்று. அச்சத்தின்வழிப் பிறந்த இரக்கம், இரக்கமேயாயினும், தான் இரங்கும் மக்களின் சமயத்தை இகழாமல் இருக்கமாட்டாது என்பதற்கு அஃது ஒரு சான்று.

இனி, அக்குடும்பத்திலே மூன்றாந் தலைமுறையினர் ஐடா ஸ்கடர் அம்மையார். 1870-ஆம் ஆண்டு இராணிப்பேட்டையிற் பிறந்து அமெரிக்காவிற் கல்வி பயின்ற அவர், தாய் நோயுற்றமை கேட்டு 1890-களின் தொடக்கத்தில் திண்டிவனத்திற்கு வந்தனர். அவர் தந்தையார் இரண்டாம் ஜான் ஸ்கடர் அங்கே மருத்துவராகவும் போதகராகவும் இருந்தார். மிஷன் தொழிலில் தங்கும் எண்ணம் ஐடாவுக்குச் சிறிதுமில்லை. தாய் நலம்பெற்றதும் மீண்டுபோய்ப் பிறர்போல வாழ்தலே அவர் விருப்பம்.

ஓரிரவு கதவு தட்டப்பட்டது. வந்தவர் ஓர் அந்தண இளைஞர். பேறுகால வேதனையில் உயிருக்குப் போராடும் தம் இளமனைவியைக் காக்குமாறு ஐடாவை வேண்டினர். “நான் மருத்துவம் அறியேன், என் தந்தையார் வருவார்” என்றார் அவர். பிற ஆடவர் தம் மனைவியைத் தொட்டு மருத்துவம் செய்தற்கு இசையாது வந்தவர் திரும்பினர். அவ்விரவே ஒரு முகமதியர் வந்தார். அவர் வேண்டுகோளும் அதுவே, மறுத்ததும் அதுவே. பின்னரும் உயர்குலத்து இந்து ஒருவர் வந்தார்; அவரும் அவ்வாறே சென்றார். பொழுது விடிந்தபோது சாப்பறை கேட்டது. மூன்று பெண்களும் இறந்துவிட்டனர்.

அந்நிகழ்ச்சி ஐடாவின் வாழ்க்கையை மாற்றியது. அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று 1899-ஆம் ஆண்டு பட்டம் பெற்று, 1900-ஆம் ஆண்டு மீண்டனர். வேலூரில் ஒரு படுக்கையோடு தொடங்கிய அவர் தொண்டு, 1902-இல் மருத்துவமனையாகவும், 1918-இற் பெண்களுக்குரிய மருத்துவப் பள்ளியாகவும் வளர்ந்து, நாடறிந்த வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியாக நின்று நிலவுகின்றது. 1960-ஆம் ஆண்டு அவர் மறையும்வரை அத்தொண்டு ஓய்ந்ததில்லை.

ஆராய்ச்சி

பாட்டனாரை அழைத்தது அறுபது கோடி மக்கள் கெட்டொழிகின்றனர் என்னும் எண்ணம். பெயர்த்தியை அழைத்தது மூன்று வீடுகளில் எழுந்த சாப்பறை. இவ்விரண்டனையும் ஒருங்குவைத்து நோக்குமிடத்து அச்சக்கொள்கையின் உண்மை நிலை வெளிப்படும்.

டார்ட்டுப் பேரவையின் முடிபே பொருளாயின், திண்டிவனத்தில் இறந்த மூவர் நிலை யாது? அவர் கிறித்துவைக் கேளாது இறந்தவர். ஆதலின் முடிவற்ற நரகமே அவர்க்குரியது என்றாகும். அங்ஙனமாயின், ஐடா அம்மையார் செய்திருக்கவேண்டுவது யாது? ஒவ்வொரு நொடியும் உயிர்கள் தீயில் வீழ்கின்றன என்று துணிந்தவர், பல்லாண்டு கல்லூரியில் தங்கி உடற்கூறு படித்தற்கு நெஞ்சு துணியார். மறுநாளே வீதியில் நின்று பிரசங்கித்திருப்பர். அவர் அவ்வாறு செய்திலர். இறந்தவர் உயிர் எங்குச் சென்றது என்று கணக்கிடாமல், இனி ஒரு தாய் இவ்வாறு இறத்தலாகாது என்று எழுந்தனர். கொள்கை யாதாயினும், நெஞ்சத்தை எழுப்பியது அன்பே என்க.

“மருத்துவமும் மதத்திற்கு ஒரு கருவியே” என்று கூறுவாருமுளர். கருவியென்றே கொள்வோமாயினும், மதம் மாறாதார்க்கும் மாறினார்க்கும் ஒப்ப அம்மருத்துவமனை மருந்து தந்தது. தேவனாற் கைவிடப்பட்டவர் என்று ஒருவரை உண்மையாகவே நம்புகின்றவர், அவர் புண்ணைக் கழுவித் துணிகட்டுதல் கூடுமோ? ஈண்டுக் கொள்கை ஒருபுறம் நிற்க, வாழ்க்கை மறுபுறம் சென்று அக்கொள்கையை வென்றதெனல் வேண்டும். அம்மையார் தம் சமயத்தை விட்டாரல்லர், இறுதிவரை போற்றினார். எனினும் அவர் வாழ்க்கை பறைசாற்றிய கடவுள், சிலந்தியைத் தீயின்மேற் பிடிக்கும் கடவுள் அல்லர்.

இனி இக்கொள்கை ஏற்றார் மனைகளில் விளைத்த பயனை நோக்குவோம். நன்மை முற்றுமில்லை என்பது பொய். குடியை விடுதல், ஓய்வுநாளைப் பேணல், சொன்ன சொல்லைக் காத்தல், நாடோறும் தன்னைத்தான் ஆராய்தல் ஆகிய ஒழுக்கங்கள், கடவுள் கணக்கெடுக்கின்றார் என்னும் அச்சத்தால் நிலைபெற்றதுண்டு. அவற்றை மெச்சுகின்றோம். ஆயினும் ஒரு பெரும்புண்ணை இக்கொள்கை தமிழ்க் குடும்பத்தில் உண்டாக்கிற்று. 1876-ஆம் ஆண்டு தொடங்கி 1878 வரை சென்னை மாகாணத்தை வருத்திய பெரும்பஞ்சத்தை ஒட்டி ஊர்களிற் பலர் கிறித்துமதம் புகுந்தனர். அங்ஙனம் புகுந்த ஓர் ஏழை உழவனை நினைமின். அவன் தந்தையும் தாயும் ஞானஸ்நானம் பெறாது இறந்தவர். தனக்குச் சோறு வைத்துத் தான் பட்டினி கிடந்து மாண்ட தாய் எங்கே இருக்கின்றாள் என்று அவன் போதகரைக் கேட்பானாயின், அவர் அக்கொள்கையின்படி கூறத்தக்க விடை யாது? தென்புலத்தாரை ஓம்புதலை இல்லறத்தானுக்குரிய அறங்களுள் ஒன்றாக வைத்த நாடு இது. அத்தாயை நினைந்து ஒரு கை நீர் விடுதலும் குற்றமாகி, அவளை நரகத்தில் வைத்து எண்ணுதலும் கடமையாயின், அவன் உண்ணும் உணவு உடம்பிற் சேருமோ? தேவனது சினம் தன்னைத் தீண்டாது என்று மகிழ்வானாயின் தாயை மறந்தவனாவான். தாயை மறவானாயின் அத்தேவனை அன்புசெய்ய மாட்டாதவனாவான்.

கிறித்தவருள்ளும் அறிஞர் பலர் இவ்விடர்ப்பாட்டை உணர்ந்தனர். விழுப்புரத்தைச் சூழ்ந்த ஊர்களில் மிகுதியாக வாழும் கத்தோலிக்கருக்குரிய திருச்சபை, 1962 முதல் 1965 வரை உரோமையில் நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், தம் குற்றமின்றிக் கிறித்துவை அறியாதிருந்தும் நேரிய நெஞ்சோடு கடவுளைத் தேடுவோர் வீடுபெறுதல் கூடும் என்று 1964-ஆம் ஆண்டு வெளிப்படையாக அறிவித்தது. ஆற்காட்டு மிஷன் சபைகளும் 1947-ஆம் ஆண்டு தென்னிந்தியத் திருச்சபையிற் கலந்து, பலவகைக் கொள்கையினரோடு ஒன்றுபட்டன. தாயை நரகத்தில் வைக்கும் கொள்கையைத் தாய்பெற்ற மக்கள் நெடுங்காலம் பொறார் என்பது இவற்றாற் புலனாம்.

தமிழ்மொழியே இக்கொள்கையை மென்மையாக்கிற்று என்பதும் நினைக்கத்தக்கது. எச். ஏ. கிருட்டிணப் பிள்ளையவர்கள் ஆங்கில ஆசிரியர் பனியன் எழுதிய கதையைத் தழுவி 1894-ஆம் ஆண்டு இரட்சணிய யாத்திரிகம் வெளியிட்டனர். அக்கதை அழிவுக்குரிய நகரத்தினின்றும் ஒருவன் அஞ்சியோடுதலோடு தொடங்குவது. அவ்வச்சக் கதையின் இடையிடையே அவர் தேவாரம் என்னும் பெயராலேயே உள்ளமுருகும் பாடல்களை அமைத்தனர். ஆங்கில நூலில் ஓட்டத்திற்கு அச்சம் காரணமாயிருக்க, தமிழ்நூலிற் கற்றார் நெஞ்சில் நிற்பது அவ்வுருக்கமே.

தடையும் விடையும்

“நாங்கள் கூறும் அச்சம் அடிமை ஆண்டானுக்கு அஞ்சும் அச்சமன்று, மகன் தந்தையின்மாட்டு வைக்கும் பயபக்தி. அதுவே ஞானத்தின் தொடக்கம் என்று எங்கள் பழைய ஏற்பாடு கூறும். முதிர்ந்த அன்பு அச்சத்தைப் புறத்தே தள்ளும் என்று எங்கள் புதிய ஏற்பாடும் கூறும்” என்பர் கிறித்தவ நண்பர். நன்று, இதனை மகிழ்ந்து ஏற்கின்றோம். ஆயின் ஒன்று கேட்போம். தந்தை அடிப்பது மகனைத் திருத்துதற்கேயன்றோ? திருந்துதற்கு இடமில்லாதபடி முடிவின்றி அடிப்பவரைத் தந்தை என்று உலகம் கூறுமோ? பயபக்தி என்னும் சொல் தந்தைக்குப் பொருந்தும். முடிவற்ற நரகம் தந்தைக்குப் பொருந்தாது. இரண்டிலொன்றை அவர் விடல்வேண்டும்.

சைவசித்தாந்தம் இறைவனுக்குச் சினமில்லை என்று கூறி மழுப்பவில்லை. அச்சினத்திற்குப் பொருள் கூறிற்று. அறக்கருணை, மறக்கருணை எனக் கருணை இருவகைத்து. நோய்க்கு இனிய மருந்து கொடுத்தலும், வாளிட்டு அறுத்துச் சுடுதலும் மருத்துவனுக்கு ஒரே நோக்கமாதல்போல, இன்பம் ஊட்டுதலும் துன்பம் ஊட்டுதலும் இறைவனுக்கு உயிரின் மலநீக்கம் ஒன்றையே நோக்கமாகவுடையன. ஆணவமலம் உயிரொடு அநாதியே உள்ளது. ஒரு முன்னோன் செய்த பிழைக்காக மற்றொருவன் மேல் ஏற்றப்பட்ட பழியன்று. நரகமும் உண்டு. ஆயின் அது வினையளவிற்று. வினை தீரத் தானும் தீர்வது. மலபரிபாகமும் சத்திநிபாதமும் எவ்வுயிர்க்கும் ஒருநாள் வருதல் உறுதி. கைவிடப்பட்ட உயிர் என்பதொன்று சித்தாந்தத்தில் இல்லை.

இன்னும், சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நாற்பாதங்களை முறையே தொண்டன் நெறி, மகன் நெறி, தோழன் நெறி, நன்னெறி என வகுத்தனர் நம் பெரியோர். அச்சத்திற்கு இடமுண்டாயின் அது தொண்டன் நெறியின் முதற்படியில் உண்டு. ஆண்டும் நில்லாது மேலேறவேண்டும் என்பதே வகுப்பின் கருத்து. இதற்கு இலக்கியம் நம் நடுநாட்டிலேயே உளது. விழுப்புரம் மாவட்டத்துத் திருவெண்ணெய்நல்லூரில் இறைவன் முதிய அந்தணராய் ஓலைகொண்டு வந்து சுந்தரமூர்த்தி சுவாமிகளை அடிமையென்று வழக்கிட்டனர். சுவாமிகள் அவரைப் பித்தரென்று வன்சொற் கூறினர். அச்சொல்லுக்காக இடி விழவில்லை, நரகம் திறக்கவில்லை. அவ்வன்சொல்லையே தமக்குரிய அருச்சனையாக ஏற்று, அடிமையென்று பிடித்தவரைத் தோழராக்கிக்கொண்டனர் இறைவனார். அவ்வூரிலேயே 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டதேவர் பன்னிரண்டு சூத்திரங்களாற் சிவஞானபோதம் அருளினர் என்பதும் கருதத்தக்கது.

நம்முடைய நிலை

இவ்வளவும் கூறி அமைதிகொள்வேமாயின், எம் ஆராய்ச்சி பிறர் குற்றங் காண்பதொன்றேயாய் முடியும். நம்மிடத்து அச்சமில்லையோ? விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூரில் வட்டப்பாறை என்பதொன்று உளது. அதன்முன் பொய்ச்சத்தியம் செய்தவனைப் பாம்பு தீண்டியதென்பது தலவரலாறு. வழக்குடையார் அங்குச் சென்று ஆணையிடுதல் நெடுநாள் வழக்கம். திருவக்கரை வக்கிரகாளியின் முன்னும், மேல்மலையனூர் அங்காளம்மையின் முன்னும் நடுங்கி நிற்பார் எத்துணையர்! அம்மையை அன்னையென்று அணுகுவாரினும், குறைவைத்தால் கேடு செய்வாளென்று அஞ்சிப் பொங்கலிடுவார் மிகப்பலர் அல்லரோ? பொய்க்கு அஞ்சுதல் நன்றே. திருவள்ளுவனார் தீவினையச்சம் என்று ஓரதிகாரமே வகுத்தனர். ஆயின் அவர் அஞ்சச் சொன்னது தீவினையையேயன்றிக் கடவுளை அன்று. பாம்பிற்கு அஞ்சிப் பொய் சொல்லாதவன், பாம்பு இல்லாத இடத்திற் பொய் சொல்லுவான். பொய்க்கே அஞ்சுபவன் எங்கும் சொல்லான்.

இதனினும் பெரியதொரு குறையைத் திண்டிவனத்து இரவு நமக்குக் காட்டுகின்றது. வந்த மூவரும் தம் மனைவியரை நேசியாதவர் அல்லர். நேசியாதவராயின் நள்ளிரவில் ஓடிவந்து பிறர் கதவைத் தட்டார். மருத்துவர் வருகின்றேன் என்றபோது அவரைத் தடுத்தது யாது? தேவனது சினம் அன்று, சாத்திரமும் அன்று. ஊரார் என்ன சொல்வரோ என்னும் அச்சமே. முடிவற்ற நரகத்தைக் கொள்ளாத சமயத்தவர், ஊர்வாய் என்னும் நரகத்திற்கு அஞ்சி மனைவியரை இழந்தனர். எல்லா உயிரிலும் சிவம் விளங்குகின்றது என்று நாடோறும் ஓதுகின்ற நாட்டில், உயிர் போகும் பெண்ணினும் வழக்கம் பெரிதாயிற்று. அச்சக்கொள்கையில் வளர்ந்த குடும்பத்துப் பெண்ணொருத்தி அன்பால் எழுந்து கடல்கடந்து கற்றுவந்தாள். அன்புக்கொள்கையில் வளர்ந்த நாம் அச்சத்தாற் கதவடைத்தோம். இதனை ஒளியாது ஒப்புக்கொள்ளுதலே சித்தாந்தம் கற்றதன் பயன்.

அந்நிலை பின்னர்ப் பெரிதும் மாறிற்று. பெண்கள் மருத்துவம் கற்றனர். கணவரும் மருத்துவமனையை நாடினர். எனினும் ஊரச்சம் முற்றும் ஒழிந்ததோ? சாதிக்கு அஞ்சி மகளின் விருப்பத்தைக் கேளாதாரும், பிறர் நகைப்பர் என்று அஞ்சி நோயை மறைப்பாரும் நம் திருக்கோயில்களிலும் நிற்கின்றனர். கிறித்தவ ஆலயங்களிலும் நிற்கின்றனர். இவ்விரு திறத்தாரையும் ஆள்வது ஒரே தெய்வம், அஃது ஊர்.

முடிபு

ஆகவே துணிந்தது இது. கடவுளை அஞ்சத்தக்கவரெனக் கொள்ளும் கொள்கை ஒழுக்கத்திற்கு வேலியாகலாம், விளைவாகமாட்டாது. வேலி பயிரை மேயத்தொடங்கின் அதனைத் திருத்தல்வேண்டும். கிறித்தவ அன்பர் தம் திருநூலில் முடிவாக வைக்கப்பட்ட அன்பையே முதலாகவும் வைப்பாராக. இறந்த தாயரை நரகத்தில் வைத்து எண்ணும் கொடுமையினின்று தம் மக்களை விடுவிப்பாராக. சைவ அன்பரோ, அன்பே சிவம் என்று வாயாற் கூறி ஊருக்கு அஞ்சி வாழும் இரட்டை வாழ்க்கையை விடுப்பாராக.

ஒரு சமயம் உண்மையோ பொய்யோ என்பதற்கு இறுதிச் சோதனை நூலில் இல்லை. நள்ளிரவிற் கதவு தட்டப்படும்போது உள்ளிருப்பவர் எழுகின்றாரோ, வெளியே நிற்பவர் உதவியை ஏற்கின்றாரோ என்பதில் உளது. திண்டிவனத்தில் அன்று அச்சம் மூன்று உயிர்களைக் கொண்டது. அன்பு பின்னர் அளவிறந்த உயிர்களை மீட்டது. இவற்றுள் எது கடவுளின் குரல் என்பதை அறிவுடையோர் தாமே தேர்ந்துகொள்வாராக.

திருச்சிற்றம்பலம்